தண்ணீருக்கு 4 நிமிடம், காகிதத்துக்கு 6 நாள்

என் அலுவலக அலமாரியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. மஞ்சள் நிறம், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும். ஜெயிலின் மனநலப் பிரிவில் வேலை செய்கிறவளுக்கு இது எதற்கு என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு மாதம் போகட்டும், நீங்களும் ஒன்று வாங்கிவிடுவீர்கள் என்பேன்.

மேல் வரிசை அறையில் இருப்பவர் துணியைக் கழிப்பறைக்குள் திணித்துவிட்டு விடாமல் ஃபிளஷ் செய்தால், தண்ணீர் கதவுக்கு அடியில் வழிந்து நடைபாதையில் ஓடி, இரும்புப் படிக்கட்டில் அருவி மாதிரி இறங்கும். கீழே கூடத்தில் மேசைக் கால்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். வருவது வெறும் தண்ணீர் மட்டுமல்ல என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு அங்கே ‘ஃபிளடிங்’ என்று பெயர். எங்கள் யூனிட்டில் 14ஆம் அறையில் இருந்த ஒருவர் இதில் கை தேர்ந்தவர். அவருக்காக நான் எழுதிய நடத்தைத் திட்டத்தையும் (ஒரு நடத்தையைக் குறைக்க யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தாள்), அதில் நான் செய்த தப்பையும் எழுதி வைக்கலாம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அமெரிக்காவில் ஒரு கவுண்டி ஜெயிலில் வேலை செய்கிறேன். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. எந்தக் கவுண்டி என்று கேட்காதீர்கள், எனக்கு வேலை வேண்டும். 14ஆம் அறைக்காரரைப் பற்றிய விவரங்களிலும் ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இதற்கு முன்னால் ஒன்பது வருடம் பள்ளிக்கூடங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இதே மாதிரி திட்டங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். நான் படித்தது நடத்தை ஆய்வு, டாக்டர் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு, சீருடை போடாமல் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற எல்லோரும் ‘டாக்’தான். 14 மட்டும் என்னை ‘மிஸ்’ என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கணம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்ட மாதிரி இருக்கும்.

தமிழில் ஜெயில், பிரிசன் இரண்டுமே சிறைதான். அங்கே அப்படி இல்லை. தண்டனை பெற்று வருடக்கணக்கில் இருப்பவர்கள் பிரிசனுக்குப் போவார்கள். கவுண்டி ஜெயிலில் இருப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வழக்கு இன்னும் முடியாதவர்கள். ஜாமீன் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடப்பவர்கள் அதில் நிறைய. சட்டப்படி அவர்கள் குற்றவாளிகள் இல்லை. தீர்ப்பு வருவதற்கு முன் தண்டிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இலேயே சொல்லிவிட்டது. 14ம் அப்படித்தான், விசாரணைக் கைதி. பொதுப் பிரிவில் ஒரு சண்டை, அப்புறம் ஒரு அதிகாரியைத் தள்ளிவிட்டார் என்று ஒரு புகார், அப்படியே எங்கள் யூனிட்டுக்கு வந்தவர்.

எங்கள் யூனிட்டுக்கு இப்போதைய பெயர் ‘ரெஸ்ட்ரிக்டிவ் ஹவுசிங்’. ஹவுசிங் என்றதும் நம் ஆட்களுக்கு ஹவுசிங் போர்டுதான் ஞாபகம் வரும். முன்பு இதற்கு ‘செக்’ என்று பெயர், செக்ரிகேஷன் என்பதன் சுருக்கம். அதற்கும் முன்பு ‘ஹோல்’, அதாவது பொந்து. பழைய ஆட்கள் இன்னமும் பொந்து என்றுதான் சொல்கிறார்கள். 1829இல் ஃபிலடெல்ஃபியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையைத் திறந்தபோது, இப்படி ஆளைத் தனியறையில் அடைத்துவைப்பதை ஒரு சீர்திருத்தமாக நினைத்துத்தான் ஆரம்பித்தார்கள். தனியாக உட்கார்ந்து யோசித்தால் மனிதன் தன் பாவத்துக்கு வருந்துவான், திருந்துவான் என்பது யோசனை. 1890இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில், அப்படித் தனியறையில் கிடந்தவர்களில் பலருக்குப் புத்தி பேதலித்தது என்று எழுதிவைத்தது. அதற்கப்புறமும் மாறிக்கொண்டே இருப்பது பெயர்தான்.

அறை எப்படி இருக்கும் என்றால், ஒரு படுக்கைத் திட்டு, இரும்பில் கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் ஒன்றாக, கதவில் ஒரு கை அகலத்தில் நீளவாக்கில் ஒரு கண்ணாடி. கதவின் நடுவில் ஃபுட் போர்ட் என்று ஒரு துவாரம். சாப்பாடு அதன் வழியாகத்தான் வரும். கைவிலங்கு மாட்டவும் அதன் வழியாகத்தான் கையை நீட்ட வேண்டும். நாளுக்கு 23 மணி நேரம் இதற்குள். மீதி ஒரு மணி நேரம் கூடத்தில் தனியாக நடக்கலாம், குளிக்கலாம், ஃபோன் பேசலாம். அந்த ஒரு மணி நேரத்தை எல்லோரும் ‘ஹவர்’ என்பார்கள். அங்கே காலண்டர், கடிகாரம், சம்பள நாள், பண்டிகை எல்லாம் அந்த ஹவர்தான்.

ஏதாவது வேண்டுமென்றால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ‘கைட்’ என்று பெயர். பட்டம். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். காற்றில் விடுவதால் அப்படி வைத்திருப்பார்கள் என்பது என் சொந்த ஊகம்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். 14 வாரத்துக்கு மூன்று நான்கு முறை வெள்ளம் விட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்து 71ஆம் நாள் கோப்பு என் மேசைக்கு வந்தது. மேலே சார்ஜென்ட் கையெழுத்தில் ஒரே வரி: “இவருக்கு ஏதாவது செய்யுங்கள்.”

நான் செய்தது என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்தில் எழுதின திட்டத்தை எடுத்துப் பெயர்களை மாற்றினேன். வெள்ளம் விட்டால் கண்டுகொள்ள வேண்டாம், யாரும் பேசப் போக வேண்டாம். விடாத நாளுக்கு ஒரு புள்ளி. ஐந்து புள்ளி சேர்ந்தால் ஒரு காபிப் பொட்டலம். அச்சடித்து அவருடைய கதவுக் கண்ணாடி முன் பிடித்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மிஸ், நான் என்ன ரெண்டாம் கிளாஸா?” என்றார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

அது கூடப் பரவாயில்லை. ‘கண்டுகொள்ள வேண்டாம்’ என்று எழுதினேனே, அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கீழ் வரிசையில் பன்னிரண்டு பேர் கழிவுநீர் வருகிறது என்று கதவை உதைக்கும்போது எந்த அதிகாரி கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்? ஆனாலும் இரண்டு நாள் முயன்றார்கள், பாவம். இதுவரை பலன் தந்த ஒரு நடத்தைக்குத் திடீரென்று பலன் நின்றுபோனால், அது அடங்குவதற்கு முன் ஒருமுறை பொங்கும். இது எங்கள் படிப்பில் முதல் பருவத்துப் பாடம். லிஃப்ட் வராவிட்டால் பட்டனை ஏழெட்டுத் தடவை அழுத்துவோமே, அதுதான். மூன்றாம் நாள் அவர் இரண்டு முறை வெள்ளம் விட்டதோடு நிற்காமல், கதவுக் கண்ணாடியை ஈரக் காகிதத்தால் முழுக்க மூடிவிட்டார். உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க முடியாவிட்டால் அதிகாரிகள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். ஹெல்மெட், கேடயம், மிளகு ஸ்பிரே என்று ஐந்து பேர் போனார்கள். அவருக்குத் தோள்பட்டையில் அடி. ஒரு அதிகாரிக்கு ஈரத் தரையில் வழுக்கி முழங்கால் போயிற்று. அந்த வாரம் முழுக்க யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பார்த்தேன். மூன்று வாரம், ஒரு தாளில் மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் என்ன நடந்தது. நான் இல்லாத நேரத்துக்கு யூனிட் பதிவேடும் கேமரா நேரமும் உதவின. ஒவ்வொரு வரியிலும் நிமிடக் கணக்கு.

மூன்று வாரத்தில் 11 வெள்ளம். அதில் 9, மாலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள். அவருடைய ஹவர் மதியம் 3 மணிக்கு. ஆள் பற்றாக்குறை என்றால் ஹவரைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது ரத்து செய்வார்கள். அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. வேண்டுமென்று இல்லை, கதவு கதவாகப் போய் இருபத்து நாலு பேரிடம் திட்டு வாங்க யாருக்கும் ஆசை இல்லை, அவ்வளவுதான். அந்த 9 நாளும் ஹவர் ரத்தான நாள்.

பின்னால் என்ன நடந்தது என்ற கட்டம்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் கதவைத் தாண்டிய பிறகு முதல் அதிகாரி அவர் கதவுக்கு வர ஆகும் நேரம் 4 நிமிடம். பத்து நிமிடத்தில் சார்ஜென்ட். அப்புறம் பெரும்பாலும், சுத்தம் செய்யும்வரை அவரைக் கீழே காத்திருப்பு அறைக்கு மாற்றுவார்கள். அந்த அறையின் கண்ணாடி நடைக்கூடத்தைப் பார்த்திருக்கும், மனிதர்கள் போவார்கள் வருவார்கள். அங்கே ஒன்றரை மணி நேரம். நர்ஸ் வந்து நாடி பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். அதாவது ரத்தான ஹவருக்குப் பதிலாக அவருக்கு ஒன்றரை ஹவர், ஆட்களோடு.

அதே மூன்று வாரத்தில் அவர் எழுதிப் போட்ட கைட்கள் 8. பதில் வர எடுத்தது சராசரியாக 6 நாள். இரண்டுக்குப் பதிலே வரவில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா? நான் இரண்டு வருடம் பணம் கட்டிப் படித்த துறையின் பாதி அந்த நாலு வார்த்தையில் இருக்கிறது. எழுதிக் கேட்ட பிள்ளைக்கு ஆறு நாள், அழுத பிள்ளைக்கு நாலு நிமிடம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். அதுவும் ஒவ்வொரு தடவையும் கொடுத்திருந்தால் ஒருவேளை அலுத்திருக்கும். சில தடவை காத்திருப்பு அறை, சில தடவை வெறும் திட்டு. எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனிதன் விடாமல் இழுப்பான். சூதாட்ட இயந்திரக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்த 8 கைட்களையும் வாங்கிப் படித்தேன். ஐந்து ஒரே விஷயம். அவருடைய அக்காவின் ஃபோன் எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பழைய எண் மாறிவிட்டது, ஹவர் கிடைத்தாலும் கூப்பிட ஆள் இல்லை. நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், ஒரு தடவை ஃபோன் செய்தேன், மொத்தம் பதினொரு நிமிடம். வேலை முடிந்தது. இதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. எங்கள் திட்டங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான், விசாரித்தால் அடியில் ஒரு ஃபோன் எண்ணோ மூக்குக்கண்ணாடியோ கிடைக்கும்.

மீதி இரண்டு வெள்ளம் வேறு ரகம். இரண்டும் கோர்ட்டுக்குப் போய் வந்த நாள் இரவு. வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். அதில் அவர் எதையும் வாங்கப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். காத்திருப்பு அறைக்குப் போகவும் மறுத்திருக்கிறார். ஒரே செயல்தான், ஆனால் காரணம் வேறு, அதனால் மருந்தும் வேறு. இதை அதிகாரிகளுக்கு விளக்குவது கஷ்டம். அவர்களுக்குக் காலில் படுவது ஒரே தண்ணீர்தானே.

இந்த ‘காரணம் என்ன’ என்று தேடும் முறைக்கு அடித்தளம் போட்டது 1982இல் பிரையன் இவாட்டாவும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வு. தங்களையே அடித்துக்கொள்ளும், கடித்துக்கொள்ளும் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை வெவ்வேறு சூழலில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் அடித்துக்கொண்டால் கவனிப்பு கிடைக்கும், இன்னொன்றில் வேலையிலிருந்து விடுதலை கிடைக்கும். இன்னொரு சூழல் ‘தனியாக’: ஆளும் இல்லை, பொருளும் இல்லை, சும்மா இருந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. படிக்கிற காலத்தில் இதை மனப்பாடமாக எழுதியிருக்கிறேன். ஜெயிலுக்கு வந்து ஒரு வருடம் கழித்துத்தான் ஒருநாள் காரில் போகும்போது உறைத்தது. அந்த ஆய்வில் அப்படி ஒரு அறையில் ஒருவரை வைத்திருந்தது ஒரு தடவைக்கு 15 நிமிடம். எங்கள் யூனிட்டில் அதே சூழலில் ஒருவர் 71 நாள்.

இரண்டாவது திட்டம் ஒரே பக்கம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் திட்டம் ஏழு பக்கம், நானே மறுபடி படிக்க மாட்டேன். இரவு ஷிஃப்டில் தனியாக நிற்கும் அதிகாரி ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில் நின்றபடியே படித்து முடிக்க வேண்டும்.

மேலே, வெள்ளத்துக்கு முன் அவர் என்ன செய்வார் என்பது. புத்தகத்தை மூடிவைப்பார். கதவருகே நின்று மணி கேட்பார். மூன்றாம் தடவை கேட்டால், அப்புறம் அமைதியாகிவிடுவார். அந்த அமைதிதான் அறிகுறி. சத்தம் போடுகிறவரை அவர் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்து, அதிகாரி செய்ய வேண்டியது. ஹவர் இல்லையென்றால் 3.15க்குள் கதவுக்குப் போய் நேரில் சொல்ல வேண்டும். மாற்று நேரத்தை ஒரு அட்டையில் எழுதிக் கதவடியில் தள்ள வேண்டும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லக் கூடாது. கோர்ட்டுக்குப் போன நாளில் இரவு எட்டு மணிக்குள் யாராவது ஒருவர், நானோ நர்ஸோ அதிகாரியோ, ஐந்து நிமிடம் கதவருகே நிற்க வேண்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அவருக்கு ஒரு மஞ்சள் அட்டை. கண்ணாடியில் செருகினால் ‘பேச வேண்டும்’ என்று பொருள். அடுத்த ரவுண்டில் யாராவது நிற்க வேண்டும். இந்த அட்டை யோசனை என்னுடையது இல்லை, அவருடையது. இரண்டாவது தடவை தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், தண்ணீருக்குப் பதிலாக என்ன இருந்தால் வேலைக்கு ஆகும் என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, “தண்ணி அளவுக்கு வேகமா இருக்கணும், மிஸ்” என்றார். எங்கள் பாடப்புத்தகத்தில் இதே விஷயம் ஒரு முழு அத்தியாயம். பழைய வழியைவிடப் புதிய வழி சுலபமாகவும் சீக்கிரமாகவும் இல்லாவிட்டால் மனிதன் பழையதற்கே போவான்.

கடைசியில், வெள்ளம் வந்தேவிட்டால் என்ன செய்வது. வால்வை மூடு, சுத்தம் செய், தேவைக்கு மேல் பேசாதே, கேலி செய்யாதே, ஆபத்து இல்லையென்றால் காத்திருப்பு அறைக்கு மாற்றாதே. அடுத்த நாள் ஹவரை வெட்டாதே. இந்தக் கடைசி வரிக்குத்தான் பெரிய சண்டை. ஹவர் போனதால் வெள்ளம், வெள்ளத்தால் ஹவர் போகிறது, அதனால் மறுபடி வெள்ளம். சுற்றிச் சுற்றி வருவதை எங்காவது ஒரு இடத்தில் அறுக்க வேண்டுமே.

எதைப் பரிசாக வைக்கலாம் என்பதில்தான் இந்த வேலையின் பெரிய வழுக்குப் பாறை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வீடு இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, அதற்கு மேல் ஒரு ஸ்டிக்கர் கொடுக்கிறோம். இங்கே எல்லாமே ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருக்கிறது. அதனால் கம்பளியைத் திருப்பிக் கொடுப்பதைக் கூடப் பரிசு என்று எழுதத் தோன்றும். எழுதியும் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். சாப்பாடு, தண்ணீர், குளியல், மெத்தை, கம்பளி, மருந்து, வக்கீல் ஃபோன், ஹவர், இவற்றில் எதையும் சம்பாதிக்க வைக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டேன். பரிசாக வைத்தது ரேடியோ, கூடுதல் பத்திரிகை, ஹவரோடு இன்னொரு இருபது நிமிடம். காபியும் உண்டு. காபியை அவரே கேட்டு வாங்கினார். புள்ளி வேண்டாம், காபி மட்டும் இருக்கட்டும் என்றார்.

ஷிஃப்ட் பிரீஃபிங்கில் இதை வாசித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “லஞ்சம்.”

சார்ஜென்ட் என்னைப் பார்த்தார். “உங்கள் மாதச் சம்பளம் லஞ்சமா?” என்று கேட்டேன். கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் குரல்காரர் சிரிக்கவில்லை. இரவு ஷிஃப்டில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர். முன்பு ஒருமுறை வேறு ஒருவர் ஃபுட் போர்ட் வழியாக அவர் முகத்தில் மலத்தை வீசியிருக்கிறார். ஆறு மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தார், அந்த ஆறு மாதமும் வீட்டில் மனைவியோடு ஒரே தம்ளரில் தண்ணீர் குடிக்கப் பயந்ததாக என்னிடம் பிறகு சொன்னார். அடியாத மாடு படியாது என்று அவர் நம்புகிறார். அப்படி நம்புவதற்கு அவரிடம் காரணம் இருக்கிறது, அதை நான் லேசாகப் பேச மாட்டேன். அவரிடம் சொன்னது ஒன்றுதான்: 71 நாள் அடித்தாயிற்று, மாடு படியவில்லையே.

“மற்றவர்களும் அட்டை கேட்டு வெள்ளம் விட்டால்?” என்றார் லெஃப்டினன்ட். எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்றேன். இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். பயந்தது மாதிரி நாள் முழுக்க மஞ்சளாக இல்லை. பாதிப் பேர் அட்டையைப் புத்தகத்துக்கு அடையாளம் வைக்கத்தான் பயன்படுத்தினார்கள்.

முதல் மாதம் 3 வெள்ளம். இரண்டாம் மாதம் 1. மூன்றாம் மாதம் மறுபடி 2, அதில் ஒன்று நான் விடுமுறையில் இருந்தபோது, அட்டை நாற்பது நிமிடம் கண்ணாடியில் செருகியபடியே இருந்த நாள். மாநாட்டில் காட்டுகிற மாதிரி அழகான சரிவு இல்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரு கமிட்டி கூடும், யாரை யூனிட்டில் தொடர்ந்து வைப்பது என்று பார்க்க. திட்டத்துக்கு முன்பு அங்கே சொன்னது: வெள்ளம் விடுகிறார், அதனால் இங்கேயே இருக்கட்டும். திட்டத்துக்குப் பிறகு சொன்னது: இப்போது அமைதியாக இருக்கிறார், இங்கே அவருக்கு ஒத்துப்போகிறது, அதனால் இங்கேயே இருக்கட்டும். எனக்கு வாயடைத்துப்போனது. என் ஒரு பக்கத் தாளை ஆதாரமாகக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சொன்னார்கள்.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பு இல்லாமல் வைப்பதைத் தனிமைச் சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் போனால் நீடித்த தனிமைச் சிறை, அது கூடவே கூடாது. நியூயார்க் மாநிலத்தில் 2022 முதல் சட்டமே 15 நாளில் நிறுத்தச் சொல்கிறது. நான் இருக்கும் மாநிலத்தில் அப்படி இல்லை. அதே மண்டேலா விதிகளில் இன்னொரு விதி, மருத்துவப் பணியாளர்கள் தண்டனை விதிப்பதில் எந்தப் பங்கும் வகிக்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு புதன்கிழமையும் கமிட்டிப் படிவத்தில் ‘மனநலப் பிரிவின் கருத்து’ என்ற கட்டத்துக்கு வரும்போது அது ஞாபகம் வரும். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று பேனா அங்கேயே நிற்கும். கொஞ்ச நாளில் அந்தக் கட்டத்தில் ஒரே வாக்கியத்தை எழுத ஆரம்பித்தேன்: “இந்த அறை இவருடைய நடத்தைக்குக் காரணங்களில் ஒன்று.” எல்லாருக்கும் அதே வாக்கியம். யாரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. படிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

பொந்தைத் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதா என் வேலை என்று கணவரிடம் ஒருநாள் சத்தம் போட்டேன். வேலையை விட்டுவிடு என்றார். விட்டால் 14க்கு யார் மின்னஞ்சல் அனுப்புவது என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது, அவ்வப்போது மறுபடி தொடங்கும்.

திட்டத்தின் கீழே ஒரு பத்தி சேர்த்தேன், வெளியே போகும் வழி. 21 நாள் பெரிய சம்பவம் இல்லையென்றால் ஹவரில் இன்னொருவர் சேர்ந்திருக்கலாம். அதற்கு அடுத்த 21 நாளில் இடைநிலை யூனிட், அங்கே நாளுக்கு நாலு மணி நேரம் வெளியே. தேதியோடு எழுதினேன். தேதி இல்லாத வாக்குறுதியை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். லெஃப்டினன்ட் அந்தப் பத்தியை முழுக்க அடித்துத் திருப்பி அனுப்பினார். நியூயார்க் நகர ஜெயில்களில் நடந்த ஒரு ஆய்வை எடுத்துக்கொண்டு நான் அவர் அறைக்குப் போனேன். 2010 ஜனவரியிலிருந்து மூன்று வருடக் கணக்கு, 2014இல் வந்தது. ஜெயிலுக்கு வந்தவர்களில் தனியறைக்குப் போனவர்கள் 7.3 சதவீதம்தான். ஆனால் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்களில் 53.3 சதவீதம் அந்தச் சிறு கூட்டத்தில். அவருக்கு மனிதாபிமானப் பேச்சு பிடிக்காது, எண் பிடிக்கும். கொஞ்ச நேரம் பார்த்தார். 21ஐ அடித்து 30 ஆக்கிக் கையெழுத்துப் போட்டார். பேரம் பேசும் தெம்பு எனக்கு இல்லை.

14ஆம் அறைக்காரர் கடைசியில் இடைநிலை யூனிட்டுக்குப் போனார். போகும்போது மஞ்சள் அட்டையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே அதற்கு அர்த்தம் இல்லை, செருகக் கதவில் இடமும் இல்லை.

கோப்பை மூடுவதற்காகப் பதிவேட்டு நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பக்கம் கையில் வந்தது. அன்று இரண்டு பேர் வரவில்லை, அதனால் அந்த இரவு ஷிஃப்ட்காரரைப் பகலுக்கும் நிறுத்தியிருந்தார்கள். ‘லஞ்சம்’ என்றவர். பெரிய எழுத்தில், அழுத்தி எழுதுகிறவர்.

“15.12. இன்று ஹவர் இல்லை, நாளை 9.00க்கு என்று 14க்குச் சொன்னேன். அட்டை கொடுத்தேன். என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார். தண்ணீர் இல்லை.”

அடுத்த நாள் பக்கத்திலும் அதே கையெழுத்து. “08.55. 14 வெளியே.”